ஜார்ஜியாவில் இன்னொரு சுரேஷ் குமார்

அந்த மின்னஞ்சல் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு வந்தது. அமெரிக்க அலுவலகங்களில் கெட்ட செய்தி அனுப்புவதற்கென்றே ஒதுக்கி வைத்த நேரம் அது. அனுப்பியவர் கிளம்பிப் போயிருப்பார், நாம் திங்கள்கிழமை காலை வரை அதை வயிற்றில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போட்டுப் பதினொரு நாள் ஆகியிருந்தது. பழைய வேலையில் சொல்லிவிட்டேன். மேலாளர் எனக்குப் பதிலாக ஆள்கூடப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

மின்னஞ்சல் நாகரிகமாகத்தான் இருந்தது. வேலைக்குச் சேர்க்கும் முன் செய்யும் பின்னணிச் சோதனையான உங்கள் பேக்ரவுண்ட் செக்கில் வந்த தகவலை வைத்து வேலையைத் திரும்பப் பெறுவது பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறோம், ரிப்போர்ட்டின் நகலை இணைத்திருக்கிறோம், தவறு இருந்தால் 5 வேலை நாட்களுக்குள் சொல்லுங்கள். கூடவே 'உங்கள் உரிமைகள்' என்று தலைப்பிட்ட ஒரு தாளும் இருந்தது. பொடி எழுத்து. அதை அன்றைக்கு நான் திறக்கவே இல்லை. திறந்திருந்தால் மூன்று நாள் மிச்சமாகியிருக்கும்.

ரிப்போர்ட் ஒன்பது பக்கம். படிப்பு, பழைய வேலைகள், குடியிருந்த முகவரிகள் எல்லாவற்றுக்கும் எதிரே பச்சை டிக். ஏழாவது பக்கத்தில் மட்டும் சிவப்பு. ஜார்ஜியா மாநிலத்தின் ஒரு கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி), 2019, கடையில் பணம் கொடுக்காமல் பொருள் எடுத்ததாகக் குற்றச்சாட்டு, வகை மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். தீர்ப்பு என்ற கட்டம் காலி. பெயர்: குமார், சுரேஷ். பிறந்த தேதி 07/03, ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் நான்கு நட்சத்திரக் குறி.

நான் இருப்பது டெக்சாஸ். ஜார்ஜியாவுக்குப் போனது ஒரே ஒரு தடவை, அதுவும் அட்லாண்டா விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்காக.

பெயர்க் கதையை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஊரில் நான் கு. சுரேஷ். அந்த 'கு.' அப்பா. பாஸ்போர்ட் எடுக்கும்போது குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஏதாவது எழுதியாக வேண்டுமென்று இனிஷியலை விரித்துக் குமார் என்று போட்டோம். அந்த ஒரு நிமிடத்தில் நான் சுரேஷ் குமார் ஆனேன். தமிழ்நாட்டில் ஒரு இனிஷியலுக்குப் பின்னால் பத்திரமாக இருந்த ஆள், உத்தரப் பிரதேசம் முதல் பீகார் வரை எத்தனை சுரேஷ் குமார்கள் உண்டோ அத்தனை பேரோடும் ஒரே வரிசையில் போய் நின்றேன். அங்கேயெல்லாம் குமார் என்பது அப்பா பெயர்கூட இல்லை, பாதி ஆண்களுக்குப் பெயரின் பின்பாதி. அமெரிக்கக் கணினிக்கு இந்த வித்தியாசமெல்லாம் எங்கே தெரியப்போகிறது?

மனைவியிடம் காட்டினேன். முழுக்கப் படித்துவிட்டு, "ஏங்க, பார்க்கிங் டிக்கெட் மாதிரி ஏதாவது கட்டாம விட்டுட்டீங்களா?" என்றாள். சந்தேகத்தில் கேட்கவில்லை, எனக்கு ஒரு வழி விட்டுக் கேட்டாள். எனக்கு வருத்தம் அதில் இல்லை. அன்று ராத்திரி நானே உட்கார்ந்து 2019இல் என்ன செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதுதான் வருத்தம். தானே ஸ்கேன் செய்யும் கவுன்ட்டரில் ஏதாவது ஒரு பொருள் ஸ்கேன் ஆகாமல் பைக்குள் போயிருக்குமோ? யாராவது பின்னால் கூப்பிட்டு எனக்குக் காது கேட்காமல் இருந்திருக்குமோ? சிவப்பு எழுத்தில் அச்சடித்த ஒரு வரிக்கு அவ்வளவு பலம். செய்யாத குற்றத்துக்கு ஆதாரம் தேடி நம் ஞாபகத்தையே சோதனை போட வைத்துவிடுகிறது.

திங்கள்கிழமை எட்டு மணிக்கே எச்.ஆர். பெண்மணியைக் கூப்பிட்டேன். பத்து வருஷமாக இந்த நாட்டில் இருக்கிறேன், வரி ஒழுங்காகக் கட்டுகிறேன், இரண்டு குழந்தைகள், வேண்டுமானால் பழைய மேலாளரைக் கேளுங்கள், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, ரிப்போர்ட் கொடுத்த கம்பெனியிடம் டிஸ்ப்யூட் போடுங்கள், எங்களால் அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாது என்றார். டிஸ்ப்யூட் என்றால் இங்கே முறைப்படி மறுப்பு பதிவு செய்வது. அந்தக் கம்பெனியின் இணையதளத்தில் அதற்கென்று ஒரு பெட்டி இருந்தது. 'இது நான் இல்லை' என்று ஒரே வரி எழுதி அனுப்பினேன். தானியங்கிப் பதில் வந்தது. அவ்வளவுதான்.

அன்று மாலை என்னோடு முன்பு வேலை பார்த்த அண்ணன் ஒருவர் கூப்பிட்டார். இந்த விஷயத்தில் அவருக்கு அனுபவம் அதிகம். அவர் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலி. அப்படிக் காலியாக இருந்தால் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக்கிவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று அடித்துவிடுவார்கள். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். வங்கியிலும் மருத்துவமனையிலும் அவரை "மிஸ்டர் ஃப்னு" என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிரித்துவிட்டுப் போகலாம், ஆனால் இங்கே போலீசும் கோர்ட்டும் அடையாளம் தெரியாத ஆளைப் பதிவு செய்யும்போது எழுதுவதும் இதே மூன்று எழுத்துதான். ஆக, அவர் பெயரில் பாதி ஏற்கெனவே குற்றவழக்குப் பதிவேடுகளில் உட்கார்ந்திருக்கிறது.

நான் எச்.ஆரிடம் பேசியதையெல்லாம் சொன்னேன். "தம்பி, நீ நல்லவனான்னு அவங்க கேக்கவே இல்லையே. நீ அவன் இல்லைங்கறதை மட்டும் காட்டு. அவன் யாருன்னு தெரியாம அதை எப்படிக் காட்டுவ? மொதல்ல அந்தக் கோர்ட்டுக்குப் போன் போடு."

இந்த வழியில் ஒருவர் ஐந்து வேலை நாளில் தெரிந்துகொள்ள வேண்டியது அத்தனையும் அந்த நாலு வாக்கியத்தில் இருந்தது.

எப்படி இந்தக் குழப்பம் வருகிறது என்பதை அதன் பிறகுதான் உட்கார்ந்து படித்தேன். அமெரிக்காவில் எல்லாக் கோர்ட் வழக்குகளும் ஒரே இடத்தில் சேரும் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறதென்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தனியார் வேலைக்கான சாதாரண பேக்ரவுண்ட் செக்கில் அப்படி ஒன்றும் இல்லை. எஃப்.பி.ஐ. வைத்திருக்கும் பதிவு கைரேகையில் ஓடுவது. 18 டாலர் கட்டி, கைரேகை கொடுத்து, நம் பதிவை நாமே கேட்டு வாங்கலாம். தனியார் கம்பெனிகள் பார்ப்பது வேறு. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கவுன்ட்டிகள், ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கோர்ட், தனித்தனிக் கணினி. சில இடங்களுக்கு ஆளை அனுப்பிப் பார்க்கிறார்கள். பல இடங்களின் தகவலை மொத்தமாக வாங்கிச் சேர்த்து வைத்திருக்கும் பெரிய தரவுக் கிடங்குகளில் தேடுகிறார்கள். ஆளுக்கு ஒன்றாக அரசு தரும் சோஷியல் செக்யூரிட்டி எண் கோர்ட் பட்டியலில் பொதுவாக இருக்காது. பெயர் இருக்கும், பிறந்த தேதி இருந்தால் இருக்கும், அதுவும் சில இடங்களில் அரைகுறையாக.

பிறந்த தேதியை மறைப்பது குடிமக்களின் அந்தரங்கத்துக்காகத்தான். கலிஃபோர்னியாவில் 2021இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம், கோர்ட் இணையதளத்தில் பிறந்த தேதியையோ ஓட்டுநர் உரிம எண்ணையோ கொடுத்து வழக்குப் பட்டியலைத் தேடும் வசதியே கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. குற்றப் பதிவு உள்ளவர்களின் உரிமைக்காகப் போராடும் அமைப்பு ஒன்று போட்ட வழக்கு. அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அதன் மறுபக்கம் சுரேஷ் குமார்களும் மரியா கார்சியாக்களும் நிற்கிறோம். தேதி மறைந்தால் மிஞ்சுவது பெயர் மட்டும்.

பெயரை மட்டும் வைத்துப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு கதை உண்டு. 2011இல் கலிஃபோர்னியாவின் டப்ளின் நகரில் செர்ஜியோ ராமிரெஸ் என்பவர் மனைவியோடும் மாமனாரோடும் நிசான் கார் வாங்கப் போகிறார். விலை பேசி முடிந்தாயிற்று. கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்த விற்பனையாளர், உங்கள் பெயர் பயங்கரவாதிகள் பட்டியலில் இருக்கிறது, உங்களுக்கு விற்க முடியாது என்கிறார். மாமனார் பக்கத்தில் நிற்கிறார்! கடைசியில் மனைவி பெயரில் காரை வாங்கிக்கொண்டு போனார்கள். அறிக்கை தந்த டிரான்ஸ்யூனியன், அமெரிக்க அரசு வெளியிடும் தடைப் பட்டியலோடு முதல் பெயரையும் கடைசிப் பெயரையும் மட்டுமே ஒப்பிட்டிருந்தது. அதே மாதிரி சந்தேகக் குறி போடப்பட்டவர்கள் 8,185 பேர் என்று வழக்கில் வந்தது. 2021இல் உச்ச நீதிமன்றம், அதில் யாருடைய தவறான அறிக்கை வெளியாருக்குப் போனதோ அந்த 1,853 பேருக்குத்தான் நஷ்டஈடு கேட்க உரிமை, கோப்பிலேயே கிடந்தவர்களுக்கு இல்லை என்று 5க்கு 4 என்ற கணக்கில் சொன்னது. நாலு பேர் ஒத்துக்கொள்ளவில்லை என்பதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல்.

சரி, கோர்ட்டுக்கு வருகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை அந்த கவுன்ட்டி கோர்ட்டின் கிளார்க் அலுவலகத்துக்குப் போன் செய்தேன். ரிப்போர்ட்டில் இருந்த வழக்கு எண்ணைச் சொன்னதும் எதிர்முனையில் ஒரு வயதான பெண்மணி, தெற்குக்கே உரிய இழுவையோடு, "இருங்க ஹனி" என்றார். மூன்று நிமிடம் தட்டச்சுச் சத்தம். "கோப்பு இருக்கு. மொத்தமும் வேணுமா?" பக்கத்துக்கு இவ்வளவு என்று ஒரு சின்னத் தொகை கட்டினேன். மத்தியானத்துக்குள் பதினான்கு பக்கம் ஸ்கேன் ஆகி வந்துவிட்டது. முத்திரை வைத்த நகல் தபாலில் பின்னாலேயே வந்தது. அந்த வாரத்தில் என்னை ஒரு ஆளாக மதித்து வேலை செய்துகொடுத்தது அந்த அம்மாள் ஒருத்திதான்.

முதல் பக்கத்திலேயே விஷயம் முடிந்துவிட்டது. கைது வாரண்ட்டில் அவருடைய பிறந்த ஆண்டு முழுதாக இருந்தது. என்னைவிட ஆறு வயது மூத்தவர். உயரம் 5 அடி 11 அங்குலம். நான் 5 அடி 6, அதுவும் ஷூவோடு. நான் ஒருபோதும் வசிக்காத முகவரி. ஜாமீன் படிவத்தின் அடியில் கையெழுத்து இந்தியில் போட்டிருந்தார், நல்ல வட்ட வட்டமான எழுத்து, மேல்கோடு பிசகாமல். என் பாஸ்போர்ட்டில் என் கையெழுத்து தமிழில் கு. சுரேஷ் என்றுதான் இருக்கிறது.

பிறந்த தேதி? ஜூலை 3. இங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள், ஆகவே 07/03. நான் பிறந்தது மார்ச் 7. இங்கே அது 03/07 என்று வர வேண்டும். அப்படியானால் எப்படிப் பொருந்தியது? வயிற்றுக்குள் ஏதோ நகர்ந்தது. கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒப்புதல் படிவத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன். 07/03. பத்து வருஷம் இந்த நாட்டில் இருந்தும் அவசரத்தில் கை பழைய பழக்கத்துக்கே போயிருக்கிறது. நாள் முதலில், மாதம் அப்புறம். ஏழு என்பது மாதமாகவும் செல்லுபடியாகும் எண் என்பதால் கணினியும் ஒன்றும் சொல்லவில்லை. என் தேதி பன்னிரண்டுக்கு மேலே இருந்திருந்தால் படிவமே கத்தியிருக்கும்.

இதை மறைத்துவிடலாமா என்று ஒரு நிமிடம் தோன்றியது உண்மை. அண்ணனைக் கேட்டேன். "மறைச்சா பின்னால அதுவே உனக்கு எதிரா நிக்கும். நீயே எழுதிடு. ஆண்டு பாக்காம ஒட்ட வச்சது அவங்க தப்பு, அதுல மாத்தம் இல்ல." அவர் சொன்னது சட்டப்படியும் சரி. இந்தத் துறையை ஆளும் எஃப்.சி.ஆர்.ஏ. என்ற 1970ஆம் ஆண்டுச் சட்டம், ரிப்போர்ட் தயாரிப்பவர்கள் முடிந்தவரை அதிகபட்சத் துல்லியத்துக்கு நியாயமான வழிமுறைகளைப் பின்பற்ற வேண்டும் என்கிறது. அவர்களிடம் என் பிறந்த ஆண்டு இருந்தது. கோர்ட் கோப்பில் அவருடைய ஆண்டு இருந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு ஒரு போன் கால் போதுமானதாக இருந்தது. 2015இல் பெரிய இரண்டு பேக்ரவுண்ட் செக் கம்பெனிகளை நுகர்வோர் நிதிப் பாதுகாப்பு ஆணையம் பிடித்தபோதும் குற்றச்சாட்டு இதே ரகம்தான். பொதுவான பெயர்களைப் பிரித்துப் பார்க்கப் போதிய வழிமுறை வைத்திருக்கவில்லை என்று சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு 1.05 கோடி டாலரும் அபராதமாக 25 லட்சம் டாலரும் கட்டச் சொன்னார்கள்.

அந்தப் பொடி எழுத்துத் தாளையும் அப்போதுதான் படித்தேன். மறுப்பு கிடைத்ததிலிருந்து 30 நாளுக்குள் கம்பெனி இலவசமாக மறுவிசாரணை செய்தாக வேண்டும். நடுவில் நாம் புதிதாக ஏதாவது ஆதாரம் அனுப்பினால் இன்னும் 15 நாள் வரை எடுத்துக்கொள்ளலாம். அதனால் துண்டு துண்டாக அனுப்பாமல் எல்லாவற்றையும் ஒரே கட்டாக அனுப்புவது புத்திசாலித்தனம். உறுதிப்படுத்த முடியாத தகவலை நீக்கியாக வேண்டும். விசாரணை முடிந்தும் நமக்குத் திருப்தி இல்லையென்றால் நம் பக்கத்து விளக்கத்தைக் கோப்பில் சேர்க்கச் சொல்லலாம், அதை 100 வார்த்தைக்குள் வைக்கும்படி அவர்கள் கேட்கலாம். ஆனால் வேலை கொடுப்பவர் அதுவரை இடத்தைக் காலியாக வைத்திருக்க வேண்டுமென்று இந்தச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. பாதகமான முடிவு எடுப்பதற்கு முன்னால் ரிப்போர்ட்டின் நகலையும் இந்த உரிமைத் தாளையும் தர வேண்டும் என்பதோடு சரி. 5 வேலை நாள் என்பதும் பழக்கத்தில் வந்த கணக்கே தவிர, சட்டத்தில் எழுதின எண் கிடையாது.

கடிதம் எழுதினேன். இந்த முறை நான் யார், எத்தனை குழந்தை என்று ஒரு வார்த்தை இல்லை. இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். பிறந்த தேதி, உயரம், முகவரி, கையெழுத்து. ஒவ்வொரு வரிக்கும் எந்த ஆவணத்தின் எந்தப் பக்கம் என்று குறித்தேன். படிவத்தில் நாளையும் மாதத்தையும் மாற்றி எழுதியது என் பிழை என்று ஒரு வரி. கோர்ட் கோப்பு, பாஸ்போர்ட், 2019இல் டெக்சாஸில் நான் குடியிருந்த வீட்டின் வாடகை ஒப்பந்தம். இணையதளத்திலும் ஏற்றினேன், ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலிலும் அனுப்பினேன். ஒரு நகல் எச்.ஆருக்கு. கூடவே 'மறுவிசாரணை முடியும்வரை முடிவைத் தள்ளிவைக்க முடியுமா' என்று ஒரே ஒரு வேண்டுகோள். அன்றே பதில் வந்தது. காத்திருக்கிறோம் என்றார்கள். வெறும் பேச்சாகச் சொன்னபோது அசையாதவர்கள் காகிதத்தைப் பார்த்ததும் அசைந்தார்கள்.

கோப்பை முழுதாகப் படித்தது கடிதம் அனுப்பும் முன் ராத்திரியில். பதினான்காம் பக்கத்தில் ஒரு ரப்பர் முத்திரை. 'நோலே ப்ராசிக்வை'. வழக்கை மேற்கொண்டு நடத்தவில்லை என்று அரசு வழக்கறிஞரே கைவிட்டது. கைதான ஏழு மாதத்துக்குப் பிறகு, விசாரணையே நடக்காமல், அந்த மனிதர் மேலிருந்த குற்றச்சாட்டு போய்விட்டிருந்தது. என் ரிப்போர்ட்டில் தீர்ப்பு என்ற கட்டம் காலியாக இருந்ததே, அந்த இடத்தில் வந்திருக்க வேண்டிய வார்த்தை இது. ஆக, அந்த வரி என்னைப் பற்றியும் பொய், அவரைப் பற்றியும் பாதிப் பொய்.

எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. ஐந்து நாளாக நான் அந்த மனிதரைத் திருடன் என்றுதான் மனதில் வைத்திருந்தேன். நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை என்று எச்.ஆரிடம் சொன்னபோது 'அப்படிப்பட்ட' என்றது இவரைத்தான். 2019க்குப் பிறகு இவர் எத்தனை வேலைக்கு விண்ணப்பித்தாரோ. நான் அவரில்லை என்று காட்ட எனக்கு ஒரு வழி இருந்தது. அவரிடம் உயரமும் பிறந்த தேதியும் கையெழுத்தும் எல்லாம் சரியாகப் பொருந்தும். தண்டனையில் முடியாத கைதை 7 வருஷத்துக்கு மேல் ரிப்போர்ட்டில் காட்டக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது, ஆனால் வருடச் சம்பளம் 75,000 டாலரைத் தொடும் வேலை என்றால் அந்த வரம்பும் கிடையாது.

கடிதத்தின் கடைசியில் ஒரு பத்தி சேர்த்தேன். இந்த வழக்கு கைவிடப்பட்டது, பக்கம் 14 பார்க்கவும், உங்கள் பதிவில் இது விடுபட்டிருக்கிறது என்று. எனக்கு அதில் லாபம் ஒன்றும் இல்லை. மனைவி படித்துவிட்டு, "இது எதுக்குங்க, குழப்பிக்கப் போறாங்க" என்றாள். இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள் முடிவு வந்தது. 'உங்கள் கோப்பிலிருந்து நீக்கப்பட்டது.' மன்னிப்பு, விளக்கம், ஒன்றும் இல்லை. கடைசிப் பத்தியைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. திருத்திய ரிப்போர்ட்டை எச்.ஆருக்கு அனுப்பச் சொல்லி எழுதினேன். வேலை விஷயமாகக் கடந்த 2 வருஷத்தில் அதை யாரெல்லாம் வாங்கினார்களோ அவர்களுக்கும் அனுப்பச் சொல்லலாம், கேட்டால்தான் செய்வார்கள். இதே பழைய வரி வேறு கம்பெனிகளின் கிடங்கிலும் கிடக்கலாம் என்பதால் இன்னும் இரண்டு இடங்களில் என் கோப்பைக் கேட்டு வாங்கினேன். ஒன்றில் இல்லை. மற்றொன்றில் இருந்தது. அதே பதினான்கு பக்கத்தை அங்கேயும் அனுப்பினேன், அதே கடைசிப் பத்தியோடு.

எச்.ஆரிலிருந்து புதிய சேர்க்கைத் தேதியோடு படிவங்கள் மறுபடி வந்தன. பிறந்த தேதிக் கட்டத்தில் 03 என்று அடித்துவிட்டு, கை எடுத்து, ஒரு தடவை பார்த்துவிட்டு, 07 அடித்தேன். கடைசியில் கையெழுத்து. மின்கையெழுத்துதான். நம் பெயரை அதுவே ஒரு சாய்வெழுத்தில் போட்டுக் காட்டும், நாம் ஏற்கிறேன் என்று அழுத்த வேண்டும். திரையில் சுரேஷ் குமார் என்று அழகாக, வட்டமாக, ஆங்கிலத்தில் வந்தது. ஜார்ஜியாக்காரர் அழுத்தினாலும் இதே கையெழுத்துதான் வரும். அழுத்தினேன்.